நாலாம் நாள்

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டுக் காலண்டரில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கும். அந்த இரண்டு நாளும் விடிவதற்கு முன்பே கருவடிக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து லாஸ்பேட்டை வழியாக டயாலிசிஸுக்குப் போய்விடுவார். நான்கு மணி நேரம் மிஷினில் படுத்துக் கிடந்து, மதியம் துவண்டுபோய்த் திரும்புவார். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடம் சத்தமில்லாமல் வேலை செய்து இரண்டு கிட்னியையும் முடித்துவிட்டன.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி அவருக்குப் படுக்கவே முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்தார். செவ்வாய் காலை மிஷினில் மூன்றரை லிட்டர் தண்ணீரை எடுத்த பிறகுதான் முகத்தில் உயிர் வந்தது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “வாரம் ரெண்டு தடவ போதுமா தம்பி? மெட்ராஸ்ல என் மச்சானுக்கு மூணு போடுறாங்க. பாரீஸ்ல சித்தப்பாவுக்கும் மூணுதான். அமெரிக்காவுல வாரத்துல ஆறு நாள்கூடப் போடுறாங்களாமே?”

அவர் கேட்டது மருத்துவ உலகம் அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. பதிலில் ஒரு பகுதி உறுதியானது. ஒரு பகுதி இன்னும் முடிச்சுகளோடு கிடக்கிறது.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் வேலை செய்கிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விட்டு, மற்றதை உடம்புக்கே திருப்பித் தருகிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கிடைப்பது 12 மணி நேரம், அதாவது வாரத்தில் 7 சதவீதம். எங்கள் அண்ணனுக்குக் கிடைப்பது 8 மணி நேரம். 5 சதவீதம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் யூரியா, பொட்டாசியம், பாஸ்பரஸ், அமிலம், தண்ணீர் எல்லாம் போக வழியில்லாமல் உள்ளேயே சேர்கின்றன.

மிஷின் செய்வதைப் புரிந்துகொள்ள நம் கடற்கரை வீடுகளில் கருவாட்டை ஊற வைப்பதை நினைத்துக்கொண்டால் போதும். தண்ணீரில் போட்டதும் மேல் உப்பு மளமளவென்று கரைந்துவிடும். சதைக்குள் ஏறிய உப்போ மெதுவாகத்தான் வெளியே வரும். ஒரே தண்ணீரில் விட்டால் அந்தத் தண்ணீரும் உப்பேறி, கரைவது நின்றுபோகும். அதனால்தான் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். டயாலைசர் என்ற அந்தக் குழலுக்குள் முடியைப் போன்ற மெல்லிய இழைகள் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. இழைகளுக்குள் ரத்தம் ஓடுகிறது, வெளியே அளந்து கலந்த உப்புநீர் ஓடுகிறது. அது நிற்காமல் புதிதாக வந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஒரு தடவைக்கு 120 லிட்டர். யூரியா முதல் ஒரு மணி நேரத்திலேயே வேகமாக இறங்கிவிடும். பாஸ்பரஸ் அப்படியில்லை. அது செல்லுக்குள்ளும் எலும்பிலும் ஒளிந்திருக்கிறது. ரத்தத்தில் உள்ளதை எடுத்ததும் உள்ளேயிருந்து மெல்லக் கசியும். மிஷினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அந்தக் கசிவை விரட்ட முடியாது. நேரம் கொடுத்தால்தான் வரும், அல்லது திரும்பத் திரும்ப வந்து எடுக்க வேண்டும்.

இந்த வேகத்தின் மீது ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. வாரம் மூன்று தடவை என்பதை மாற்றாமல், ஒவ்வொரு தடவையும் கூடுதலாகச் சுத்தம் செய்தால் ஆயுள் கூடுமா என்று அமெரிக்காவில் 1846 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். ஹீமோ ஆய்வு என்று பெயர். 2002-இல் முடிவு வந்தது. அளவைக் கூட்டியதால் ஆயுள் கூடவில்லை. அப்படியானால் குறை வேறெங்கோ இருக்கிறது என்று மருத்துவர்கள் தேடத் தொடங்கினார்கள்.

அந்தக் குறை காலண்டரிலேயே இருந்தது.

வாரத்தில் ஏழு நாள். அதை மூன்றால் சமமாகப் பங்கிட முடியாது. திங்கள், புதன், வெள்ளி என்று போனால் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதலாக விழும். அமெரிக்காவில் 32,065 பேரின் பதிவுகளை ராபர்ட் ஃபோலியும் அவருடைய குழுவினரும் நாள் நாளாகப் பிரித்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். எல்லோருமே வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள். அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில் சாவு விகிதம் 100 பேருக்கு ஆண்டுக்கு 22.1. மற்ற நாள்களில் அது 18.0. இதயம், ரத்தக்குழாய் சம்பந்தமாக மருத்துவமனையில் சேர்ந்த கணக்கு இன்னும் உலுக்குகிறது. மற்ற நாள்களில் 19.7 ஆக இருந்தது, அந்த நாளில் 44.2. அதே மனிதர்கள், அதே மிஷின், அதே மருந்துகள். மாறியது அந்த ஒரு நாள் மட்டும்.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணன் வீட்டுக் காலண்டர்தான் கண்ணில் நின்றது. வெள்ளி மதியம் அமெரிக்க நோயாளி மிஷினிலிருந்து எழுந்தால் திங்கள் காலை மறுபடி போகிறார். இடையில் சுமார் 68 மணி நேரம். அவருடைய வாரத்திலேயே ஆபத்தான இடைவெளி அதுதான். எங்கள் அண்ணன் செவ்வாய் மதியம் எழுந்து வெள்ளி காலை போகிறார். அதுவும் அதே 68 மணி நேரம், ஆனால் இவருக்கு அதுதான் சின்ன இடைவெளி! பெரியது வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை, 92 மணி நேரம். அமெரிக்காவில் நடுங்கவைக்கும் இடைவெளியை இவர் ஒவ்வொரு வாரமும் தாண்டி, அதற்கு மேலும் ஒரு நாள் போகிறார். அந்த நாலாம் நாள் ராத்திரிதான் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

இடைவெளியில் கொல்வது இரண்டு. ஒன்று பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும், சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் துடிப்பு நின்றும் விடும். உடம்பு சூட்டுக்கு நல்லது என்று அன்போடு யாரோ வெட்டிக் கொடுக்கும் இளநீர், கிட்னி போனவருக்கு ஆகாது என்பது இதனால்தான். இன்னொன்று தண்ணீர். சிறுநீர் நின்றுபோனவருக்குக் குடிப்பது, சோற்றிலும் குழம்பிலும் இருப்பது எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒரு லிட்டர் அளவு ஏறிவிடும். முதலில் கால் வீங்கும், அப்புறம் ரத்த அழுத்தம் ஏறும், கடைசியில் நுரையீரலில் கோக்கும்.

ஏறிய தண்ணீரை இறக்குவதும் சுலபமில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவரிடமிருந்து மூன்றரை லிட்டரை நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டுமென்றால் மணிக்கு 875 மில்லி. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 14 மில்லிக்கு மேல். 13-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தக் குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேகத்துக்குத் திசுக்களிலிருந்து தண்ணீர் ஊறி வந்து சேராது. அழுத்தம் திடீரென்று விழும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், கண் இருட்டும். இங்கிலாந்தில் டெர்பி நகரில் கிறிஸ்டோபர் மெக்கின்டயரின் குழு டயாலிசிஸ் நடக்கும்போதே இதயத்தைப் படம்பிடித்துப் பார்த்தது. இதயச் சுவரின் சில பகுதிகள் அந்த நேரத்தில் ரத்தம் போதாமல் மரத்துப்போகின்றன. வாரம்தோறும் அப்படி மரத்து மீளும் தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வலுவை இழக்கிறது. மிஷினில் இருந்து வந்த அன்று முழுதும் அண்ணன் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் வீட்டிலோ அதைச் சோம்பல் என்று நினைத்த காலமும் உண்டு.

அப்படியானால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்? 2010-இல் இதற்குக் கறாரான சோதனை முடிவு வந்தது. வட அமெரிக்காவில் 245 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதிப்பேருக்கு வழக்கம்போல வாரம் மூன்று தடவையும் மற்றவர்களுக்கு ஆறு தடவையும் டயாலிசிஸ் கொடுத்தார்கள். ஆறு என்று சொன்னாலும் அவர்கள் உண்மையில் வந்தது சராசரியாக 5.2 தடவை. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன நேரம்தான். வாரத்தின் மொத்த மணி நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் அளவுக்குத்தான் கூடியது. ஆனால் ஒரு வருட முடிவில் அவர்களுடைய இதயத்தின் தடிப்பு மற்றவர்களைவிடச் சுமார் 14 கிராம் கூடுதலாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் அடங்கியது. பாஸ்பரஸ் இறங்கியது. மரணமும் இதயத் தடிப்பும் சேர்ந்த கணக்கில் ஆபத்து ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைவு.

ஒரு வருடத்தில் நடந்த சாவுகள் குறைவு என்பதால் ஆயுளைப் பற்றி அப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து, கிளென் செர்டோவும் மற்றவர்களும் 2016-இல் எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றரை வருடத்தில் ஆறு தடவைக் குழுவில் இறந்தவர்கள் 16 சதவீதம். மூன்று தடவைக் குழுவில் 28 சதவீதம். ஆராய்ச்சிக்காக இரண்டு விதமாக வாழ்ந்தது ஒரே ஒரு வருடம்தான். அதன் பிறகு பலர் வழக்கமான முறைக்கே திரும்பிவிட்டார்கள். அந்த ஒரு வருடத்தின் பலன் அதன் பிறகும் நீண்டதைப் போலத் தெரிகிறது.

இங்கேயே நிறுத்திவிட்டால் கேட்க இனிமையான கதை. ஆனால் அதே அணியினர் கூடவே இன்னொரு சோதனையும் நடத்தியிருந்தார்கள். 87 பேர், வீட்டிலேயே, ராத்திரி தூங்கும்போது, வாரம் ஆறு இரவு. நியாயமாகப் பார்த்தால் இதுதான் இன்னும் மென்மையான முறை. ஆனால் தொடர்ந்து பார்த்தபோது இரவு டயாலிசிஸ் குழுவில் 14 பேரும் வழக்கமான குழுவில் 5 பேரும் இறந்திருந்தார்கள். ஆள் குறைவு, அதனால் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆனாலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட எனக்கு மனமில்லை. ஒரு துப்பு இருக்கிறது. அந்தக் குழுவில் பலருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. அடிக்கடி டயாலிசிஸ் செய்தவர்களுக்கு அது சீக்கிரமே நின்றுபோனது. சொந்தச் சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் அந்தச் சொட்டு வேலை 168 மணி நேரமும் நடக்கும் வேலை. எந்த மிஷினாலும் அதை ஈடுகட்ட முடியாது. இன்னொரு விலை கையில் போட்ட ஃபிஸ்டுலாவுக்கு. 1966-இல் நியூயார்க்கில் சிமினோவும் பிரெஸ்சியாவும் சகாக்களும் விவரித்த அந்தச் சின்ன அறுவை, சிரையையும் தமனியையும் இணைத்துக் கையிலேயே ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசலில் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி. வாரம் மூன்று என்றால் ஆறு குத்து, ஆறு என்றால் பன்னிரண்டு. பகல் சோதனையில் ஆறு தடவைக் குழுவுக்கு அந்த வாசலைச் செப்பனிடும் வேலை அதிகமாகவே வந்தது.

தடவையைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டியவர்களும் உண்டு. பாரீஸ் சித்தப்பாவை அண்ணன் இழுத்ததால் இது எனக்கு நினைவுக்கு வந்தது. புதுச்சேரிக்காரர்களில் பலருக்கு ஏதோ ஒரு வகையில் பிரான்சில் உறவு இருக்கும். நம் ஊரில் 1823-இலேயே மருத்துவப் பள்ளி வைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள்தான். இன்று கோரிமேட்டில் நிற்கும் ஜிப்மரின் வேர் அது. அதே பிரான்சில் லியோன் நகரை ஒட்டிய தசேன் என்ற சிற்றூரில், பெர்னார் ஷாரா என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் உலகமெல்லாம் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போன காலத்தில் பிடிவாதமாக எட்டு மணி நேரம் டயாலிசிஸ் கொடுத்தார்கள். வாரம் மூன்று தடவை. மெதுவாக, அவசரமே இல்லாமல். அவர்களிடம் இருந்த பெரும்பாலோருக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. 445 நோயாளிகளை வைத்து 1992-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் பத்தாவது வருடத்தில் 75 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அன்றைய உலகம் நம்ப மறுத்த எண்ணிக்கை. அவர்களில் பலர் இளையவர்கள், சர்க்கரை நோயாளிகள் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தசேனின் முறையில் மிஷினுக்குச் சமமாக இன்னொன்றும் இருந்தது. உப்பைக் கண்டிப்பாகக் குறைத்த சாப்பாடு.

வாரம் மூன்று என்ற கணக்கே வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1943-இல் ஹாலந்தில் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த காம்பன் ஊரில், வில்லம் கோல்ஃப் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டினார். அது சில நாள் தாக்குப்பிடிக்க வைக்கும் கருவி. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் டெஃப்ளான் குழாயைப் பொருத்திவைத்த பிறகுதான் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தது. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் பதினோரு வருடம் வாழ்ந்தார். முதலில் வாரம் ஒரு தடவை, ஒரு நாள் முழுக்க. கால் நரம்புகள் செத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து இரண்டாக்கினார்கள், பிறகு மூன்றாக்கினார்கள். உடம்பு தேறியது. அந்த இடத்தில் மருத்துவமனைகளின் ஷிஃப்டும் ஒத்துப்போனதால் மூன்று என்பது சட்டம் போல நின்றுவிட்டது. இந்தியாவில் டயாலிசிஸ் வேலூர் சி.எம்.சி.யில் அறுபதுகளில் வேர் பிடித்தது. நெருக்கடி நிலைச் சிறையில் சிறுநீரகம் கெட்டு வெளியே வந்த அரசியல் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் 1979 அக்டோபர் வரை டயாலிசிஸில் வாழ்ந்தபோதுதான் நாட்டில் பலர் இந்தச் சொல்லையே கேள்விப்பட்டார்கள். மும்பையில் அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் எம்.கே.மணி பின்னர் சென்னைக்கு வந்தார். சென்னையை ஒட்டிய கிராமங்களில் வீடு வீடாகச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் சோதித்து, மலிவான மாத்திரைகளால் அடக்கி, மிஷின் தேவைப்படும் நாளையே தள்ளிப்போடப் பாடுபட்டார்.

ஏனென்றால் மிஷின் எல்லோருக்கும் எட்டாது என்பது அவருக்கு அப்போதே தெரியும். இந்தியாவில் ஒவ்வொரு வருடமும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முழுதும் செயலிழந்த நிலைக்கு வருகிறார்கள், அதனால் வருடத்துக்கு 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவை என்று 2016-இல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது மத்திய அரசே கணக்குச் சொன்னது. நம் பக்கத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது. சர்க்கரையும் இல்லாமல், அழுத்தமும் இல்லாமல் சிறுநீரகம் கெடும் மனிதர்களை ஜிப்மர் சிறுநீரகத் துறையினர் நிறையப் பார்த்தார்கள். பலர் வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்கள். தொண்டைமண்டல நோய் என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் வைத்து 2020-இல் எழுதினார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் பல வருடமாகப் பேசப்படும் நோயோடு அதற்கு ஒற்றுமை உண்டு.

மிஷின் குறைவு, மருத்துவமனை தூரம், கூட வரும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய கூலி போய்விடும். இப்படித்தான் நம் நாட்டில் வாரம் இரண்டு என்பது பரவியது. சிகிச்சையே இலவசமாகக் கிடைத்தாலும் ஆட்டோ இலவசமில்லை. இரண்டு போதும் என்று சொல்லக்கூடிய நோயாளிகளும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் இன்னும் சிறுநீர் போகிறவர், கால் வீங்காதவர், பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவர் இரண்டோடு தொடங்கலாம். எஞ்சியிருக்கும் சிறுநீரக வேலையை அது காப்பாற்றவும் கூடும். இரவுச் சோதனை சொன்ன பாடமும் அதுதானே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளக்க வேண்டும். குறைந்தால் மூன்றாவது தடவை சேர்க்க வேண்டும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அளப்பதில்லை. சிறுநீர் நின்று வருடக்கணக்கான பிறகும் அதே செவ்வாய், அதே வெள்ளி. எங்கள் அண்ணனுக்குச் சிறுநீர் நின்று இரண்டு வருடம் ஆகிறது. கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேட்டேன். அளந்ததே இல்லை என்றார்.

ஆகவே அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஆறு தடவை நல்லதா என்ற அமெரிக்காவின் வாதம் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு மூன்றாவது தடவை வேண்டும். நாலாம் நாள் ஒழிய வேண்டும். மூன்று கிடைக்காத வாரத்தில் நான்கு மணி நேரத்தை ஐந்தாக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதே மூன்றரை லிட்டர் அப்போது மணிக்கு 700 மில்லியாகிவிடும். “பேரனுக்குப் பொறந்த நாளு, அரை மணி முன்னாடியே கழட்டிடுங்க” என்று சிஸ்டரிடம் கெஞ்சாதீர்கள். வயிற்றில் நீர் விட்டு வீட்டிலேயே தினமும் செய்யும் முறையைப் பற்றியும் கேளுங்கள், தேசியத் திட்டத்தில் 2019-இலிருந்து அதற்கும் வழிகாட்டு நெறி இருக்கிறது. அதில் இடைவெளி என்பதே கிடையாது.

அப்புறம் உப்பு. ஏறக்குறைய 8 கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாகத்தை அடக்கு என்று நோயாளியைத் திட்டுவதில் பயனில்லை, உப்புதான் தாகத்தை உண்டாக்குகிறது. நம் வீடுகளில் 8 கிராம் என்பது ஒரு நாள் சாதாரணச் சாப்பாடு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் மதியத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவது தடவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. அதுவரை அண்ணி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். காலண்டரில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றையும் நீல மையால் கட்டம் போட்டிருக்கிறார். அந்த மூன்று நாளும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு, உப்பு பாதி. பிள்ளைகள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். போன செவ்வாய் மிஷினில் ஏறுமுன் எடை பார்த்தபோது ஏறியிருந்தது இரண்டே கால் கிலோ.